53, 56, 61

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கூப்பிட்டு, வேலை போய்விட்டது என்று சொல்லிக் கையில் ஒரு ஒப்பந்தக் காகிதக் கட்டைக் கொடுத்தார்கள். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா பணம் சீக்கிரம் வந்துடும்" என்றார் எச்.ஆர். பெண்மணி. நான் வீட்டுக்கு எடுத்து வந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். பெயர்கள் இல்லை, பதவியும் வயதும் மட்டும். எங்கள் டேட்டாபேஸ் குழுவில் ஏழு பேர். வேலை போனவர்கள்: 53, 56, 61. தப்பியவர்கள்: 27, 29, 31, 34. அந்த 56 நான்தான். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்காவில் 40 வயது நிரம்பியவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆட்குறைப்பில் பலரை ஒன்றாக அனுப்பும்போது, வழக்குப் போட மாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டுமானால் இந்தப் பட்டியலைத் தந்தாக வேண்டும். யோசிக்க 45 நாள் தர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். இது 1990இல் வந்த திருத்தம். "இன்னைக்கே" என்று அவசரப்படுத்தியது எவ்வளவு பெரிய அநியாயம்!

திங்கட்கிழமை பார்த்த வக்கீல் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, "எழுத்துல புகார் கொடுத்தீங்களா? என்னைக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். கொடுத்திருந்தேன். "எப்ப ரிட்டயர் ஆகப் போறீங்க?" என்று புது மேனேஜர் மீட்டிங்கில் மூன்றாவது முறை கேட்ட அன்று, மார்ச் 4, எச்.ஆருக்கு மெயில் போட்டேன். அதிலிருந்து 19ஆம் நாள், அதுவரை நல்ல ரேட்டிங்கே வாங்கியிருந்த எனக்கு, 'வேலையில் முன்னேற்றம் தேவை' என்று ஓலை வந்தது.

2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வயது குறுக்கே வந்திராவிட்டால் வேலை போயிருக்காது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டுமாம். அது கடினம். ஆனால் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது தனி மீறல். வயதுப் பாகுபாடு நிரூபணமாகாமல் போனாலும் இது நிற்கும். சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும், பல மாநிலங்களில் 300 நாள். என் மனு தயாராகிறது.

அன்று இரவே அந்த 61க்கு போன் செய்தேன். அவர் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். "முடிஞ்சு போச்சுப்பா" என்றார்.

"இல்லண்ணா, இன்னும் நாலு நாள் இருக்கு. அந்தப் பேப்பரை எடுங்க, நான் லைன்லயே இருக்கேன்."