மாமாவின் ராலே

ஜூன் 2, ஞாயிறு

பினாங்கில், ஆயர் ஈத்தாம் அத்தை வீட்டுக் கொட்டகையிலிருந்து மாமாவின் பந்தய சைக்கிளை வெளியே எடுத்தேன். மாமா தவறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன; அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சிவப்பு, கறுப்பு, மஞ்சள். முகப்பில், அதைச் செய்த ஆங்கிலேய நிறுவனமான ராலேயின் நாரை முத்திரை.

பழைய இரும்பு வாங்குபவர் 80 ரிங்கிட் தருவதாகச் சொன்னாராம். அத்தையின் நினைப்பு வேறு. "பிரான்ஸில் ஜெயித்தது இந்த வண்டிதான் என்று மாமா சொல்வார். நல்ல விலை போகும் இல்லையா தம்பி?" கூரை மாற்ற அவருக்குப் பணம் வேண்டும். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 3, திங்கள்

ஈரத்துணி தவிர வேறெதையும் பெயின்ட் மேல் படவிடவில்லை. தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக் கூட்டின் அடியில் இருந்த அழுக்கைப் பல்குச்சியால் சுரண்டினேன். வண்டியின் வரிசை எண் எழுந்து வந்தது.

1980இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை யூப் சூட்டமெல்க் வென்றது ராலேயின் டிஐ-ராலே அணிக்காகத்தான்; மாமா கதை கட்டவில்லை. ஆனால் அந்த அணியின் சைக்கிள்களைச் செய்த இல்க்ஸ்டன் பட்டறையின் எண்கள் 'எஸ்பி' என்று தொடங்கும். இது 'டபிள்யூ'. அதாவது ராலேயின் வொர்க்சாப் தொழிற்சாலை. மூன்றாவது இடத்தில் வருவது ஆண்டின் கடைசி இலக்கம்; இதில் 8, எனவே 1978. பின்சக்கர அச்சு நட்டைத் துடைத்தால் 'காம் 78'. சைக்கிள் உதிரிபாகங்கள் செய்யும் இத்தாலிய நிறுவனமான காம்பக்னோலோ தன் நட்டுகளில் ஆண்டைப் பொறித்து வந்தது. இரண்டும் ஒத்துப்போனதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா எதையும் மாற்றாமல் காப்பாற்றியிருக்கிறார்.

ஜூன் 5, புதன்

சீட் தண்டு அசையவில்லை. அலுமினியத் தண்டு, எஃகுக் குழாய், இடையில் பினாங்குக் கடற்காற்றின் உப்பு: இரண்டும் கடித்துக்கொண்டு கிடக்கின்றன. முறுக்கினால் மெல்லிய குழாய் திருகிப் போகும், பிறகு அந்த 80 ரிங்கிட்தான். தினமும் மாலையில் துரு நீக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.

ஜூன் 8, சனி

வந்துவிட்டது! அத்தை சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, நான் சீட்டை இடமும் வலமும் மயிரிழை மயிரிழையாக அசைத்தேன். வறண்ட முனகலோடு தண்டு மேலேறியது. உள்ளே நனைந்திருந்த பகுதியில் சாம்பல் நிறப் பொடி. வெர்னியர் அளவுகோலில் அதன் விட்டம் 27.2 மில்லிமீட்டர். ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்தர எஃகுக் குழாயில், முனை தடித்து நடு மெலிந்த வகைக்கு வழக்கமாக வரும் அளவு அது. சட்டத்தில் ஒட்டியிருக்கும் 531 வில்லை வெறும் அலங்காரம் அல்ல. முன்குழாய் சந்திப்பின் கீழே விரலை ஓட்டிப் பார்த்தேன். மோதிய வண்டிக்கு அங்கே பெயின்ட் சுருங்கும். இங்கே வழவழப்பு.

ஜூன் 9, ஞாயிறு

லோரோங் கூலிட் சந்தையில் படங்களைக் காட்டினேன். ஒருவர் 400 சொன்னார். "புதுசாகப் பெயின்ட் அடித்தால் பளபளக்கும்" என்றார். எனக்கு நெஞ்சு பதறியது. கீறல் விழுந்த அந்த மூல வண்ணமும் வில்லைகளும்தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். அடித்துவிட்டால் பிறகு யார் நம்புவார்கள்?

ஜூன் 12, புதன்

அத்தையிடம் உள்ளதைச் சொன்னேன். வென்ற வண்டி இல்லை. வென்ற அணியின் வண்ணத்தில் வந்த, ஒழுங்காகச் செய்த வண்டி. 2,500 கேட்கலாம், 2,000க்குக் கீழே இறங்க வேண்டாம். அவர் முகம் சற்று வாடியது. பிறகு, "மாமா இதில் தீவையே சுற்றி வருவார்" என்றார்.

ஜூன் 15, சனி

ஈப்போவிலிருந்து ஒருவர் நாளை பார்க்க வருகிறார். காற்றுப் பம்பு இல்லையே என்று நான் சொன்னதும் அத்தை பின்கட்டுக்குப் போனார். துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த குச்சியைக் கழற்றிக்கொண்டு வந்தார். சிவப்பு, நுனியில் கறுப்பு. மேல்குழாயின் அடியில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்துகொண்டது.