குரூப் எடுக்கும் முன்னே கட் ஆஃப் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா கேட்டார்: "மக்களே, எந்த குரூப் எடுக்கப் போற?" விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பியிருந்தார். கையில் ஒட்டுப்பால் வாசம் போகவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. தோழிகள் எடுத்த ஃபர்ஸ்ட் குரூப்பையே நானும் எடுத்தேன். கணக்கும் உயிரியலும் சேர்ந்தே இருந்ததால் தப்பித்தேன். கூடப் படித்த ஒருத்தி கணக்குக்குப் பயந்து தாவரவியல், விலங்கியல் பக்கம் போனாள். பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை வந்தது. ஆனால் கணக்கு இல்லாமல் கட் ஆஃப் போடவே வழியில்லை.

தமிழ்நாட்டில் 2007இல் நுழைவுத் தேர்வு போனதிலிருந்து இன்ஜினியரிங்குக்கு பிளஸ் டூ மார்க்தான். மொத்தம் 600 என்றாலும் சீட் ஒதுக்கும் கவுன்சலிங்கில் பார்ப்பது 200க்குப் போடும் கட் ஆஃப் மார்க்கைத்தான். கணக்கு அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. நான் கணக்கில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 82. அதாவது 86, 39, 41, கூட்டினால் 166. தமிழில் வாங்கிய 97 இதில் சேராது. கணக்கில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபிலும் ஒன்று முழுசாகப் போகும், இயற்பியலில் போனால் அரைதான். இரண்டு பேர் கட் ஆஃப் ஒன்றாக இருந்தாலும் முதலில் பார்ப்பது கணக்கு மார்க்கைத்தான். இது முன்பே தெரிந்திருந்தால், கடைசி மாதம் விலங்கியல் படம் வரைந்த நேரத்தில் ஐந்து மார்க் கணக்குகளைப் போட்டுப் பழகியிருப்பேன்.

அப்புறம் 7.5 சதவீதம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் இன்ஜினியரிங்கிலும் வந்த உள் ஒதுக்கீடு. அருமையான சட்டம், சந்தேகமே இல்லை. நான் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான். ஆனால் விண்ணப்பத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து கேட்டார்கள். ஆறு, ஏழு, எட்டு படித்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளி. அந்த மூன்று கட்டங்களை நிரப்பும்போதே ஒதுக்கீடு இல்லை என்று புரிந்துவிட்டது. நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. பால் வெட்டுகிறவர் பிள்ளையும் மீன்பிடிக்கிறவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதாமாதம் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாயை உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் பிறகு நீட்டித்தார்கள். சீட் விஷயத்தில் மட்டும் அவர்களை வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, சட்டம் மாறும்வரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஆறிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்கள், இடையில் பள்ளி மாறியிருந்தால், படித்த எல்லாப் பள்ளியிலும் படிப்புச் சான்றிதழை ரிசல்ட் வரும் முன்னே வாங்கி வையுங்கள். கவுன்சலிங் தொடங்கிய பிறகு ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தலைமையாசிரியருக்காகக் காத்து நிற்க நேரம் இருக்காது.