துணையாறா, கிளையாறா? தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், புவியியலில் எனக்கு அடிக்கடி மதிப்பெண் போனது இந்த இரண்டு சொற்களில்தான். வரையறை நன்றாகவே தெரியும். முதன்மை ஆற்றில் வந்து சேர்வது துணையாறு, அதிலிருந்து பிரிந்து போவது கிளையாறு. ஆனாலும் ஒரு மாதிரித் தேர்வில் யமுனை, கோமதி, கோசி, ஹூக்ளி என்று கொடுத்து, ‘கங்கையின் துணையாறு அல்லாதது எது?’ என்று கேட்டபோது யமுனையைக் குறித்துவிட்டேன். அவ்வளவு பெரிய ஆறு எப்படித் துணையாறாகும் என்ற நினைப்பு. சரியான விடை ஹூக்ளி; அது கங்கையிலிருந்து பிரிந்து போவது.

அளவை வைத்து முடிவு செய்யவே கூடாது. அமெரிக்காவின் மிசௌரி, மிசிசிப்பியைவிட நீளத்தில் குறைந்ததல்ல. ஆனாலும் மிசிசிப்பியில் போய்க் கலப்பதால் அது துணையாறுதான்.

இதைவிடப் பெரிய குழப்பத்தை ‘கிளை’ என்ற சொல்லே உண்டாக்குகிறது. வந்து சேரும் ஆற்றையும் பேச்சுவழக்கில் ‘கிளை நதி’ என்கிறோம். போதாததற்கு, ஓர் ஆறும் அதில் சேரும் ஆறுகளும் வரைபடத்தில் மரம்போலத் தெரிவதை விளக்கும் ‘மரக்கிளை வடிவ வடிகால் அமைப்பு’ என்று ஒரு பாடம் வேறு இருக்கிறது. அந்தப் படத்தில் கிளைகளாகத் தெரிபவை எல்லாம் துணையாறுகளே! அங்கே தண்ணீர் கிளையிலிருந்து அடிமரத்துக்கு ஓடுகிறது. எனக்கு இது தெளிவானது ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்த பிறகுதான். ‘ட்ரிப்யூட்டரி’ என்பது திறை செலுத்துவது என்ற பொருளில் பிறந்த சொல். பேரரசனுக்குத் திறை கொண்டுவரும் சிற்றரசனைப் போலத் துணையாறு நீரைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கிளையாறு வாங்கிக்கொண்டு போகிறது.

பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, வெற்று வரைபடத்தில் ஆறுகளை வரைந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் நீரோட்ட அம்புக்குறி போட்டுப் பழகினேன். உங்களுக்கும் இதையே சொல்வேன். காவிரியில் பவானியும் அமராவதியும் வந்து சேர்கின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. சூடானின் கார்ட்டூமில் நீல நைலும் வெள்ளை நைலும் கூடுகின்றன. கெய்ரோவைத் தாண்டியதும் நைல், ரொசெட்டா, டாமியெட்டா என இரண்டாகிறது. நான்கைந்து ஆறுகளை வரைந்தாலே, கிளையாறுகள் பெரும்பாலும் கடலை ஒட்டியே பிரிவது கண்ணில் படும். அங்கே நிலத்தின் சரிவு குறைவு. வேகம் தளர்ந்த ஆறு வண்டலைப் படியவிடுகிறது, தடம் மேடாகிறது, நீர் வேறு வழி தேடுகிறது. காரணம் கேட்டு வரும் வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

கூற்று–காரண வினாக்களில் மட்டும் ‘எதன்’ துணையாறு என்பதை நிதானமாகப் படியுங்கள். கங்கையின் கிளையாறான ஹூக்ளிக்கே தாமோதர் என்ற துணையாறு உண்டு.