நான் எழுதியிருக்கக் கூடாத உறுதி

சட்டக் கல்லூரி இறுதியாண்டில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதும் பாடத்தில் மட்டும் தவறினேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரான மல்லாவிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அடுத்த பரீட்சை எப்போது?" என்று மட்டும் கேட்டார்.

எங்கே தவறினேன் என்பது பெறுபேறு வரும் முன்பே எனக்குத் தெரியும். காணியொன்றை விற்பதற்கான உறுதியை வரையச் சொல்லியிருந்தார்கள். நான்கெல்லை, அட்டவணை, கைமாறும் பணம், இரண்டு சாட்சிகள், அத்தாட்சி வாசகம் என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: "அது அளிப்புக் காணி என்பதைக் கவனித்தாயா?" எனக்குக் கால்கள் தளர்ந்துவிட்டன. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு அளித்த காணியை, முன்கூட்டியே எழுத்தில் பெற்ற சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அப்படியொரு உறுதியை, உறுதி எழுதிச் சான்றளிக்கும் அதிகாரம் பெற்ற நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. அதே சட்டத்தின்கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த, வவுனிக்குளத்து நீர் பாயும் பெர்மிட் காணியில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லைக் கடந்து போயிருக்கிறேன்.

நுழைவுப் பரீட்சை எனக்குப் பெரிய மலையாக இருக்கவில்லை. மொழியும் பொது அறிவும்தான். உள்ளே போன பிறகுதான் கடினம் தெரிந்தது. தமிழில் எழுதலாம் என்றாலும் படிக்க வேண்டிய வழக்குத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. உரோம டச்சுச் சட்டம் வந்தால் இலத்தீனும் சேர்ந்துகொள்ளும். வெள்ளவத்தையில் நான்கு பேர் தங்கிய அறையில் இரவிரவாக அகராதியைப் புரட்டினேன். நேரம் போதாதபோது, பல ஆண்டுகளாகக் கைமாறி வந்த குறிப்புகளை மனப்பாடம் செய்தேன். உறுதி மாதிரிகளையும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். அதுதான் என்னைக் கவிழ்த்தது. மாதிரி மனத்தில் இருந்ததால் வினாவைப் படிக்கவில்லை.

அடுத்த பரீட்சை வரை ஊருக்கு வந்துவிட்டேன். முதல் வேலையாக அப்பாவிடம் காணிப் பத்திரத்தைக் கேட்டேன். 2008 இல் வீட்டை விட்டுப் புறப்பட்டு, முள்ளிவாய்க்காலில் இருந்து செட்டிக்குளம் முகாம் வரை, பொலித்தீன் பையில் சுற்றி அவர் இடுப்பிலேயே கிடந்த தாள் அது. மடிப்புகளில் எழுத்து அழிந்திருந்தது. வரிவரியாகப் படித்தேன். அப்பாவுக்குப் பிறகு காணியைப் பெற வேண்டியவர், அதாவது பின்னுரித்தாளர், பெயர் எங்கும் பதியப்படவில்லை.

"அப்பா, நீங்கள் யாரையும் நியமிக்கவில்லையே?"

"பிள்ளைகள் எல்லாருக்கும் உரியதுதானே, அதற்கு ஏன் நியமனம்?" என்றார்.

எங்கள் வீட்டில் முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற சொற்கள் அடிக்கடி அடிபடும். அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைதான் எல்லாக் காணிக்கும் பொருந்தும் என்று அப்பாவும் நம்பியிருந்தார். பெர்மிட் காணிக்கு அது செல்லாது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமான அந்தக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தனக்கென ஒரு வாரிசு வரிசையை வைத்திருக்கிறது. நான் படித்த காலத்தில் அந்த வரிசையில் பெண்மக்களுக்கு முன்னால் ஆண்மக்கள் நின்றார்கள். 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. அன்றிரவு அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் அப்பா இல்லாத நாளில் என்ன நடக்கும் என்று விளக்கினேன். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அடுத்த வாரம் அப்பா துணுக்காய்ப் பிரதேச செயலகத்துக்குப் போனார்.

அந்தப் பாடம் எனக்குள் இறங்கியது அந்த இரவில்தான். பிறகு அயலவர்கள் தங்கள் பத்திரங்களை எடுத்துவந்தார்கள். எரிந்த உறுதி, பிரதி மட்டும் மிஞ்சிய உறுதி, இறந்தவர் பெயரிலேயே நிற்கும் அளிப்பு. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் வைத்தேன்: காணி எவ்வகையானது, யார் பெயரில் இருக்கிறது, யாருடைய சம்மதம் வேண்டும், எங்கே பதிவாகியிருக்கிறது. பிறர் காணியைப் பத்தாண்டு தொடர்ந்து ஆண்டவருக்குக் கிடைக்கும் ஆட்சியுரிமை பற்றிய 2016 ஆம் ஆண்டுச் சிறப்பேற்பாடுகள் சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும் சட்டம் அது. நான் பிறந்த 1994 உம் என் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியும் அந்த இரு திகதிகளுக்குள் கிடந்தன. மறக்க முடியுமா?

விடியற்காலையில் அப்பா வயலுக்குப் போகும் முன் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு தினமும் ஓர் உறுதி எழுதினேன். பேனாவைத் தொடும் முன் வினாவில் காணியின் வகையைத் தேடி அடிக்கோடிடுவேன். பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: மாதிரிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் உண்மையான உறுதி ஒன்றை எடுத்து, அத்தாட்சி வாசகத்தின் ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாம் முறை தேறினேன். ஆறு மாதப் பயிலுநர் காலம், உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம், பிறகு நொத்தாரிசு அதிகாரப் பத்திரம்.

மல்லாவியில் மேசை போட்ட முதல் நாள், பாண்டியன்குளத்திலிருந்து ஒரு மாமி வந்தார். மகளுக்குக் காணியை நன்கொடையாக எழுத வேண்டும், சாட்சிகளையும் கூட்டி வந்திருக்கிறேன் என்றார். பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அளிப்புக் காணி. "மாமி, பிரதேச செயலாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் இன்றைக்கு எழுத மாட்டேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மாதங்கள் கழித்து, கடிதத்தோடு வந்தார். அது என் நான்காம் இலக்க உறுதி.