கிட்டங்கித் தெருவில் ஒரு சனி, ஞாயிறு

"எங்க ஊருக்கு எப்பதாண்டி வருவே?" என் பள்ளித் தோழி அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை போட்டுக் கேட்டேன்.

எங்க ஊரு. அந்தச் சொல் எனக்குள் சுருக்கென்று தைத்தது. இத்தனை காலமும் எங்கள் இருவருக்கும் ஊர் என்றால் அது சுங்கை சிப்புட்தான். மகாத்மா காந்தி கலாசாலையில் ஆறு வருஷமும் ஒரே பெஞ்சு. எட்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனவள், முதல் ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் போன் செய்து அழுவாள். கடல் காத்து ஒத்துக்கல, மாமியார் வீட்டுச் சமையல் வேற மாதிரி, யாரையும் தெரியாது என்பாள். அப்படி அழுதவள் இப்போது எங்க ஊரு என்கிறாள். போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிகாலையில் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் என்கிற மின்சார விரைவு ரயில். பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஈப்போ வரைக்கும் தூங்கினேன். சுங்கை சிப்புட் வந்ததும் கண் தானாகத் திறந்துகொண்டது. வண்டி ஒரு நிமிஷம் நின்றிருக்கும், அவ்வளவுதான். அதற்கப்புறம் தூக்கமில்லை. பாடாங் ரெங்காஸைத் தாண்டியதும் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதை, தைப்பிங்கைத் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரி. ஏரி நடுவே தண்டவாளம் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், ஜன்னலுக்குக் கீழே கரையே தெரிவதில்லை. இந்த வழியில் போகிறவர்கள் அந்தக் கொஞ்ச நேரமாவது போனைக் கீழே வைக்க வேண்டும்.

பினாங்குத் தீவுக்குக் காரில் போகிறவர்கள் பாலத்தில் போய்விடுகிறார்கள். 1985-இல் திறந்த பழைய பாலமும் இருக்கிறது, 2014-இல் திறந்த இரண்டாவது பாலமும் இருக்கிறது. ஆனால் பினாங்குக்குள் ஃபெரியில்தான் நுழைய வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. ரயிலை விட்டு இறங்கினால் நடந்தே ஃபெரித் துறைக்குப் போய்விடலாம், கட்டணம் 2 வெள்ளி (ரிங்கிட்). கார்களை ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் இப்போது இல்லை. 2023-இலிருந்து ஓடுபவை புதிய, சின்னக் கப்பல்கள், ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டும். பதினைந்து நிமிஷத்தில் அக்கரை. நீலமாய்த் தெரிந்த மலை பச்சையாகி, கொம்தார் கோபுரம் வளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் துறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் துப்பட்டாவில் ஓர் ஆள் கையை ஆட்டுகிறாள்.

"பசியாறிட்டியா?" என்றாள். பதில் சொல்வதற்குள், "ஆறியிருந்தாலும் பரவாயில்ல, நடந்தா செரிச்சிடும். வா."

நடக்க வைத்தாள். வெயில் நெற்றியில் அடிக்கிறது, அவள் நடைபாதைத் தூண்களுக்கு நடுவே புகுந்து புகுந்து முன்னால் போகிறாள். "இது கிட்டங்கித் தெரு" என்று ஒரு முனையில் நின்றாள். பலகையில் லெபோ பினாங் என்றுதான் இருந்தது. அவளுடைய மாமனார் துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். அவர் வாயில் பலகைப் பெயர்கள் வருவதேயில்லையாம். செட்டியார்கள் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்த தெரு, அதனால் கிட்டங்கித் தெரு. மருமகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் புறப்படுகிற கோயில் வீடும் இந்தத் தெருவில்தான். வாசலைக் காட்டி, ரதம் எந்தப் பக்கம் திரும்பும், மாடுகளை எங்கே நிறுத்துவார்கள், கூட்டத்தில் தான் எந்தத் தூணோரம் நிற்பாள் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பக்கத்துத் தெருவான லெபோ குவீனில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அது 1801. தமிழ்க் கரையிலிருந்து வந்த காதர் முகைதீன் என்ற மரைக்காயர் எழுப்பியது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா, சின்னது, வெள்ளையும் பச்சையுமாக. 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தத் தெருக்களும் ஒரு காரணம். கப்பலேறி வந்த நம் ஆட்கள் இறங்கிய இடத்திலேயே சாமியையும் இறக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. அவளிடம் சொல்லவில்லை.

மதியத்துக்கு நாசி கண்டார். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், பினாங்குக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடை, அதில் தலையிட்டால் நட்பு போய்விடும். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சீனக் கிழவி. கரண்டி பிடித்த அண்ணன் அவரிடம் ஹொக்கியனில் பேசினார், அடுத்தவரிடம் மலாயில், எங்களைப் பார்த்ததும் "என்னம்மா வேணும், மீன் சினை இன்னிக்கு நல்லாருக்கு" என்று தமிழில். தட்டில் சோற்றைக் கொட்டி, கரண்டியின் முதுகால் நடுவில் ஒரு குழி அழுத்தினார். கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கணவாய்க் குழம்பில் அரைக் கரண்டி, பருப்பில் கொஞ்சம். ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றி, கடைசியில் முழு வெண்டைக்காய் இரண்டு. குழிக்குள் நாலு நிறம் கலந்து, சோற்றின் ஓரம் வரைக்கும் ஊறி நின்றது. தனித்தனியாக ஊற்றிக்கொடுங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கலப்புதான் சாப்பாடே.

ராத்திரி குளுகோரில் அவளுடைய அடுக்குமாடி வீட்டில் மாமனாரிடம் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "கண்டார்னா என்னான்னு தெரியுமாம்மா? தோள்ல தடியப் போட்டு ரெண்டு பக்கமும் தூக்கிட்டுப் போறது. ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு. தமிழ்நாட்டுலேருந்து வந்த பாய்மாருங்க அப்படித்தான் காலையில துறைமுகத்துக்குக் கொண்டாருவாங்க. எங்கப்பாவெல்லாம் அதச் சாப்பிட்டுட்டுத்தான் மூட்டை தூக்குனாரு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நம்ம காவடிதான் அது. வேற என்ன?" என்றார்.

எத்தனை வருஷமாக நாசி கண்டார் சாப்பிடுகிறேன், இப்படி ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்றிரவு நாங்கள் தூங்கவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பால்கனியில் பாய் போட்டு, மிச்சமிருந்த தே தாரேக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, ஆறவிட்டுக் குடித்துக்கொண்டு, தூரத்தில் பாலத்து விளக்குகளைப் பார்த்தபடி பேசினோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் சேர்ந்த கதையை அப்போதுதான் முழுசாகச் சொன்னாள். விடிந்து பஸ்ஸில் திரும்பும்போது எல்லோரும் தூங்கிவிடுவார்களாம், இவள் மட்டும் ஜன்னலோரம் விழித்திருந்து ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் மனப்பாடம் செய்வாளாம். "பேரு தெரிஞ்சா பயம் போயிடும்னு நெனச்சேன்டி. போயிடுச்சு."

ஞாயிறு விடியலில் தண்ணீர்மலை முருகன் கோயில். அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினோம், 513 படி. முன்பு கோயில் கீழே அருவியடியில் சின்னதாக இருந்ததாம். அந்த அருவித் தண்ணீர்தான் ஒரு காலத்தில் ஊருக்கும் கப்பல்களுக்கும் குடிநீர். அங்கே நீர்த்தேக்கம் கட்டியபோது பாலதண்டாயுதபாணி மலைக்கு ஏறினார். இருநூறாவது படிக்குமேல் எனக்கு மூச்சு இரைத்தது. அவள் என் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரியே. ராத்திரி பெய்த மழையில் படி இன்னும் ஈரம், கால் விரல்களில் அந்தக் குளிர்ச்சி. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஊர் முழுக்க விரிந்து கிடக்கிறது, அதற்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் நான் வந்த கரை. தைப்பூசத்தன்று ரதம் வரும் வழியில் மலைமலையாகத் தேங்காய் குவிந்திருக்கும் என்றாள். சீனக் குடும்பங்களும் வேண்டிக்கொண்டு கூடை கூடையாக உடைப்பார்களாம், தெருவெல்லாம் இளநீர் ஓடுமாம். கையை வீசி வீசி அவள் சொன்ன விதத்தில் எனக்கே அந்த வாசனை வந்தது.

கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) அடுத்த முறை போகலாம் என்று விட்டுவிட்டோம், ரயில் வண்டிக்கு வரிசை நீளம். ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் ஒரு படம், பினாங்கு ரோட்டு முனைச் சந்தில் ஒரு கிண்ணம் செண்டோல். அதோடு சாயங்காலம் ஆகிவிட்டது.

ஃபெரித் துறையில் ஒரு பொட்டலத்தை என் பைக்குள் திணித்தாள். உள்ளே ஜாதிக்காய், மெல்லிசாகச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்தது. "மாமா உனக்குன்னு வாங்கினாரு. தைப்பூசத்துக்கு வந்துடு, என்ன? நம்ம ஊரு ரதத்த நீ பார்த்ததே இல்லல்ல."

ஃபெரி நகர்ந்தது. மஞ்சள் துப்பட்டா துறைக் கம்பியோரம் கடைசிவரைக்கும் நின்றது.

ரயில் சுங்கை சிப்புட்டில் நின்றபோது நன்றாக இருட்டிவிட்டது. ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். வண்டி ஈப்போ போய்ச் சேர்வதற்குள் தைப்பூச வாரத்துக்கு டிக்கெட் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். இன்னும் திறக்கவில்லை.