தலையிடி வராத தலையிடி

“எந்தக் கண்ணில தெரிஞ்சது?” என்று கண் டொக்டர் கேட்டார்.

மூன்று மாதம் அலைந்து, தேவையில்லாத ஒரு கண்ணாடிக்கு 28,000 ரூபாயைக் கொட்டி, அன்றைக்கும் ஐந்து மணித்தியாலம் வாங்கில் குந்தியிருந்து, ஒருபடியாக அவர் முன்னால் போய் இருந்தபோது வந்த முதல் கேள்வி அது.

“இடது பக்கம், டொக்டர்” என்றேன், உறுதியாக.

“பக்கத்தக் கேக்கல்ல டீச்சர், கண்ணக் கேக்கிறன். ஒரு கண்ணப் பொத்திப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பார்வையில் ஒரு ஓட்டையும் அதைச் சுற்றி ஒரு மினுக்கமும் மூன்று தரம் வந்து போயும் ஒரு தரமாவது கண்ணைப் பொத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கிறவர்கள் மிச்சத்தையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்கக்கூடாது என்றுதான் கடைசியில் நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

முதல் தரம் வந்தது பங்குனி வெயிலில், மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தில். பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாவித் தண்ணீரில் பட்டு வெயில் கண்ணுக்குள் குத்தியது. முன்னால் போன ஓட்டோவின் இலக்கத்தகட்டில் நடுவில் இரண்டு இலக்கத்தைக் காணவில்லை. கறுப்பாக மறைத்திருந்தால் உடனே பயந்திருப்பேன். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். பாலத்தைத் தாண்டுவதற்குள் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு மினுங்கத் தொடங்கியது. உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை வளைவாக அடுக்கி ஆட்டினாற்போல, கூர் கூராக. கண்ணை மூடினேன். மூடின கண்ணுக்குள்ளும் அது மினுங்கியது.

ஸ்கூட்டியை ஓரங்கட்டி ஒரு மர நிழலில் நின்றேன். அங்கே மீன் வைத்து வித்துக்கொண்டிருந்த ஒரு ஐயா, “என்ன மகள், தலை சுத்துதா?” என்று தண்ணிப் போத்தலை நீட்டினார். தலை சுற்றவில்லை, இடிக்கவும் இல்லை. வளைவு மட்டும் விரிந்து விரிந்து இடது ஓரத்துக்குப் போய், பார்வையின் விளிம்பால் வழிந்து காணாமல் போயிற்று. அரை மணித்தியாலம்கூட ஆகியிராது. வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னால், “வெயிலுக்குள்ள போன புள்ளக்கிப் பித்தம் ஏறிட்டு” என்று அம்மா எண்ணெய் வைத்து முழுக வார்த்து, நாவூறும் கழித்துவிட்டார். அன்றைக்கு நன்றாகத்தான் நித்திரை வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தரம் வகுப்பில் வந்தது. இடாப்புக் கூப்பிடும்போது முதல் வாங்குப் பிள்ளையின் முகத்தில் பாதியைக் காணவில்லை. நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தால் அங்கேயும் ஒரு ஓட்டை. அன்றைக்குத்தான் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெசினில் நாடியை வைக்கச் சொல்லிப் பார்த்த பையன், “நாப்பது தாண்டினா இப்பிடித்தான் மிஸ், ப்ரோக்ரெசிவ் போட்டா எல்லாம் சரியாகிடும்” என்றான். மினுங்குகிறது என்று நான் சொன்னது அவன் காதில் விழவேயில்லை. காசைக் கட்டினேன். ஐந்தாம் நாள், அந்தக் கண்ணாடி மூக்கில் இருக்கும்போதே, மூன்றாவது தரமும் வந்தது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒழுங்கான கண் பரிசோதனை நடந்தால் கண்ணாடிக் கடையிலும் பிழையில்லை. ஆனால் “வந்து போகுது” என்கிற ஒரு சங்கதிக்குக் கண்ணாடி மருந்தல்ல. கண்ணாடி இல்லாத குறை காலையில் வந்து அரை மணியில் போகாது. நாற்பத்தாறு வயதில், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு, இதை யோசிக்கும் அளவுக்காவது மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

பிறகு எங்கள் குடும்ப டொக்டர் ஒரு கடிதம் தந்தார். முதலில் கண்ணைப் பார்ப்போம் என்றார். கண் கிளினிக்குக்குப் போன முதல் நாள், “இண்டைக்குப் பழைய ஆக்கள் மட்டுந்தான்” என்று திருப்பிவிட்டார்கள். சரி. இரண்டாம் நாள் வெள்ளாப்பிலேயே போய் இலக்கத்துண்டும் எடுத்து, கொப்பியும் வாங்கி, முறை வந்தபோது தாதி கேட்டார்:

“ஆரோட வந்த நீங்க?”

“தனியத்தான். ஸ்கூட்டில.”

“அப்ப இண்டைக்கு மருந்து விடேலா. ஆளக் கூட்டிக்கொண்டு வாங்க எண்டு துண்டில எழுதிக் கிடக்குதானே!”

எழுதித்தான் கிடந்தது. துண்டின் பின்பக்கம், மங்கிப்போன ரப்பர் முத்திரையில். பார்வைக் குறையோடு வருகிறவர்களுக்கு அறிவித்தலை அந்த அளவு எழுத்தில் போட்டவரை ஒருநாள் சந்திக்க ஆசை. ஆனாலும் தாதி சொன்னது நியாயம். கண்மணியை விரிக்கிற மருந்து விட்டால் சில மணித்தியாலத்துக்குக் கிட்டப்பார்வை கலங்கும், வெளிச்சம் கூசும்; வாகனம் ஓட்டவே கூடாது. ஆகவே ஆளோடு போங்கள், கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கொண்டு போங்கள். மூன்றாம் நாள் இவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். அன்றைக்குத்தான் மேலே சொன்ன கேள்வி.

விழித்திரை, கண் அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, “கண் ரெண்டும் நல்லம்” என்றார் டொக்டர். சந்தோசப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. அவரே விளக்கினார். இடது கண்ணில் தெரிவது வேறு, இடது பக்கத்தில் தெரிவது வேறு. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கும்போது எந்தக் கண்ணைப் பொத்தினாலும் அது தெரிந்தால், சங்கதி கண்ணில் இல்லை, பின்னால் மூளையில். ஒரு கண்ணில் மட்டும் என்றால் அந்தக் கண்ணையும் அதற்குப் போகிற இரத்தக் குழாயையும் அவசரமாகப் பார்க்க வேண்டும். “அடுத்த முறை வந்தா பொத்திப் பாருங்க, நேரத்தக் குறிங்க, ஏலுமெண்டா கீறுங்க” என்று சொல்லி, உள்ளக வைத்திய நிபுணருக்கு ஒரு கடிதம் தந்தார்.

இந்த வருத்தத்தின் பெரிய கரைச்சலே அதுதான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் அது ஓடிப்போய்விடும். டொக்டரிடம் காட்ட ஒரு வீக்கம் இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை. நாங்கள் கொண்டுபோகிற கதை மட்டுந்தான் சாட்சி. அந்தக் கதையும் அரைகுறையாக இருந்தால் டொக்டர்தான் என்ன செய்வார்?

நான்காவது தரம் வந்தபோது நான் ஆயத்தம். தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனை முனையே காணாமல் போயிற்று. மணி 2.10. இடது கண்ணைப் பொத்தினேன், இருந்தது. வலது கண்ணைப் பொத்தினேன், இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல! ஒரு பழைய புள்ளித்தாளின் பின்பக்கத்தில் நடுவில் ஒரு புள்ளியைப் போட்டு, அதையே பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வளைவு எங்கே நிற்கிறது என்று கீறினேன். நான் புவியியல் டீச்சர். சமவுயரக் கோடு கீறிக் கீறிப் பழகின கை. 2.34க்கு மறைந்தது. தாளில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக நான்கு பிறை, ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிது, ஒவ்வொன்றின் ஓரமும் கூர்ப்பல்.

கீறி முடித்துப் பார்த்தபோது எங்கேயோ கண்ட படம் போல இருந்தது. கோட்டை! எங்கள் ஊர்க் கோட்டைதான், 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அதன் மூலைக் கொத்தளங்கள் அப்படித்தான் கூராகத் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு தேடி வாசித்தால், வைத்தியர்களும் பழைய காலம் தொட்டே இதற்குக் கோட்டை மதிலைத்தான் உவமை சொல்லியிருக்கிறார்கள். ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில வைத்தியர் தனக்கு வந்த இதே மினுக்கத்தை வரைந்து 1870இல் வெளியிட்டிருக்கிறார். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் என்னைப் போலவே நேரம் குறித்துக் கீறி, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941இல் கணக்குப் போட்டிருக்கிறார். புள்ளித்தாளை எறியாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

உள்ளக வைத்திய நிபுணர் அந்தத் தாளை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். “இத வச்சிருந்தா முதல் நாளே பாதி வேலை முடிஞ்சிருக்கும்” என்றார். மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

ஒற்றைத் தலையிடிக்கு முன்னால் சிலருக்கு இப்படி மினுங்கும். சிலருக்கு மினுக்கம் மட்டும் வந்து தலையிடி வராமலே போய்விடும் என்றார். மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கிற பகுதியில் ஒரு அலை மெல்ல ஊர்கிறது. அலையின் முகப்பில் நரம்புக் கலங்கள் துடிக்க, மினுக்கம் தெரிகிறது. அலை கடந்த இடம் கொஞ்ச நேரம் ஓய்ந்துபோக, அந்த இடம் பார்வையில் விழுவதில்லை. பிறகு தானாகவே சரியாகும். சின்ன வயதில் எனக்கு மாதம் ஒருக்கா வாந்தியோடு தலையிடி வரும் என்பதை அவர் கேட்கும்வரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது எனக்கு அயத்தே போய்க் கிடந்தது.

ஆனால் “இது அதுதான்” என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடவில்லை. நாற்பது தாண்டி முதல் தரம் வருகிறது என்றால் மற்றதுகளையும் பார்த்துத்தான் ஆக வேண்டுமாம். பிரசர், சீனி, கொழுப்பு, ஈசிஜி பார்த்தார். கை காலைத் தூக்கச் சொல்லி, நேர்கோட்டில் நடக்கவிட்டார். அவர் பயந்தது பாரிசவாதத்துக்கு முன்னோடியாக வருகிற சின்ன அடைப்புக்கு. அது மினுங்கி மினுங்கி ஊராது. பெரும்பாலும் ஒரே அடியாய்ப் பார்வை இருண்டுபோகும். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், கீறிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 1990ஐ எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. அது பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஐம்பது தாண்டினவர்களுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, சாப்பிடும்போது தாடை வலி, கூடவே பார்வையும் மங்கினால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஸ்டாஃப் ரூம் முழுக்க எனக்குப் புத்திமதி. காசைக் கட்டத் தயாராகத்தான் போனேன். உங்கள் கதைக்கு இப்போதைக்குத் தேவையில்லை, ஒரு மணித்தியாலத்தைத் தாண்டி நின்றாலோ அடிக்கடி வந்தாலோ வடிவம் மாறினாலோ வாருங்கள், பார்ப்போம் என்றார். மருந்தும் தரவில்லை. “மருந்து தராத டொக்டரிட்டயா மூணு மாசம் அலைஞ்ச நீ?” என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

டொக்டர் கேட்ட இன்னொரு கேள்விக்கு என் முகம் சிவந்துவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது, வெளியே வாங்கு நிறைய ஆட்கள். “குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கிறீங்களா?” இல்லை என்றேன். பிறகுதான் காரணம் சொன்னார். இப்படி மினுக்கம் வருகிற பெண்களுக்கு ஈஸ்திரோஜன் கலந்த குளிசை பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். புகைத்தால் இன்னும் கூடும். மச்சாளின் மகள் அதே குளிசைதான் போடுகிறாள், அவளுக்குக் கண் மின்னி மின்னித் தலையிடி வருகிறது என்று எனக்குத் தெரியும். அன்று பின்னேரமே போன் எடுத்து மிட்வைஃபிடம் கேட்கச் சொன்னேன். வேறு முறைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். இந்த அலைச்சலில் உருப்படியாக நடந்த காரியம் அதுதான்.

உருப்படாமல் போனதையும் சொல்கிறேன். பக்கத்து வளவு மாமாவுக்கு அறுபத்திரண்டு. என் கதையை நானே அவருக்கு விலாவாரியாகச் சொல்லியிருந்தேன். ஒரு கிழமை கழித்து அவருக்கு ஒரு கண்ணில் மின்னல் வெட்டினது; கூடவே இலையான் கூட்டம் பறந்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். “டீச்சருக்கு வந்ததுதான், தானாப் போகும்” என்று இருந்துவிட்டார். நாலாம் நாள் கீழிருந்து ஒரு திரை ஏறத் தொடங்கின பிறகுதான் மாமி ஓடிவந்து சொன்னார். விழித்திரை கழன்றுகொண்டிருந்தது. கொழும்புக்கு அனுப்பி ஒப்பரேசன் செய்தார்கள். பார்வை முழுதாய்த் திரும்பவில்லை. முதல் மின்னலோடேயே போயிருக்க வேண்டியது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் அந்த வளவுப்பக்கம் போகும்போது கொஞ்சம் குனிந்து போகிறேன். இப்போதெல்லாம் என் கதையைச் சொன்னால், ஒரு கண், மின்னல், புதுப் புள்ளி, திரை என்றால் அது என் வருத்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு எப்போது வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். காலையில் வெறுந்தேத்தண்ணியோடு ஓடின நாளில் வருகிறது. விடியவிடிய விடைத்தாள் திருத்தின மறுநாள் வருகிறது. வாவிக்கரை வெயிலும் ஒரு காரணம் போலத்தான் கிடக்கிறது. இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டுப் போகிற நாளில் இதுவரை வரவில்லை. ஸ்கூட்டியில் போகும்போது தொடங்கினால் நிறுத்திவிட்டு அது முடியும் வரை ஏறுவதில்லை.

போன கிழமை பத்தாம் வகுப்பில் வந்தது. பிள்ளைகள் உலகப்படத்தில் இடம் குறித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்தபடியே இடது கண்ணை மூடினேன், திறந்து வலது கண்ணை மூடினேன், மறுகா இடது. பின்வாங்கில் கிசுகிசுப்பு. ஒருத்தன் மற்றவனின் விலாவில் இடிக்கிறான்.

“டீச்சர்” என்றான் துணிச்சல்காரன், “ஆருக்குக் கண்ணடிக்கிறீங்க?”

வகுப்பே சிரித்தது. அவன் முகத்தில் வலது பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, “படத்தக் குறி மகன்” என்று சொல்லிவிட்டு, 11.20 என்று எழுதினேன்.