பேங்க் மாதிரி இருந்த வீடு

பால் காய்ச்சிய மூன்றாம் நாள் ராத்திரி அம்மா சொன்னார்: "என்னப்பா, கல்யாணம் முடிஞ்சு எல்லாரையும் அனுப்பிட்டு மண்டபத்துல நாம மட்டும் படுத்திருக்கிற மாதிரி இருக்கு." எனக்குக் கோபம் வந்தது. பதினாலு மாசம் மேஸ்திரி பின்னாலும் சிமெண்ட் கடை பின்னாலும் அலைந்து, மதுரைக்கு வெளியே நாகமலைப் பக்கம் 1,150 சதுர அடியில் கட்டி நிறுத்திய வீடு. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் "பேங்க் மாதிரி பளிச்சுனு இருக்கு" என்று வேறு பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன், ஒரு தும்மல் வந்தது. அது ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது. சரி, அம்மா சொன்னதில் தப்பில்லை.

காரணம் சாதாரணமானதுதான். கீழே விட்ரிஃபைட் டைல்ஸ், நாலு பக்கமும் பட்டி மாவு பூசி வழவழவென்று தேய்த்த சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல், சத்தத்தை உறிஞ்ச ஒரு முழத் துணி கிடையாது. வாடகை வீட்டில் கொடியில் தொங்கிய துணியும், மூலையில் சுருட்டி வைத்த பாயும், நாங்கள் திட்டிக்கொண்டே இருந்த பழைய மெத்தையும் அந்த வேலையைச் சும்மா செய்துகொண்டிருந்திருக்கின்றன. அதையெல்லாம் 'புது வீட்டுக்குப் பழசு எதுக்கு' என்று கழித்துக் கட்டியது நான்தான். கல்யாணச் சீரில் வந்த பவானி ஜமக்காளம் ஒன்று பிரிக்காமலே கிடந்தது, சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும் அசல் கைத்தறி. அதை ஹாலில் விரித்து, ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை போட்டு, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியை வைத்ததும் பாதி எதிரொலி போய்விட்டது. ஜமக்காளம் வாங்குகிறவர்கள் கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். பவானிக்கு 2005-06லேயே புவிசார் குறியீடு கிடைத்தும், விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விற்கிறது.

விளக்கிலும் தப்பு என்னுடையதுதான். எலக்ட்ரீஷியன் கேட்டபோது "நல்லா வெளிச்சமா இருக்கணும்" என்றேன், அவர் ஹாலுக்கு மட்டும் எட்டு எல்.இ.டி. மாட்டிவிட்டார், எட்டுக்கும் ஒரே சுவிட்ச். எல்லாம் 6500 கெல்வின், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு. பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, மருந்துக்கடை வெளிச்சம், அதில் சாம்பார்கூட நோயாளி மாதிரி தெரியும். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். நாலை மாற்றி, தனி சுவிட்ச் கொடுத்து, ஒரு மூலையில் உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வருகிற மாதிரி ஒரு விளக்கும் வைத்தேன். சமையலறையில் கை வைக்கவில்லை, அரிசியில் புழு கிடந்தால் தெரிய வேண்டும்.

வாசல் சிட்-அவுட்டுக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டில் கையால் செய்கிற தரைக்கல். இது சூளையில் சுடுகிற ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் குழம்பை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு, அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. மேலே இருக்கிற மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. பதிக்க வந்தவர்கள் சிமெண்ட் கறையை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றி மூன்று கல்லை வெளுக்கவைத்துவிட்டார்கள். சிமெண்ட் கல்லுக்கு ஆசிட் ஆகாது, பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். வெளுத்த இடத்தில் இப்போது செருப்பு ஸ்டாண்ட் இருக்கிறது.

பழைய சாமான் பார்க்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போனேன். கடை கடையாகத் தூண், நிலை, எனாமல் தூக்குவாளி. ஒரு நிலைக்கதவைத் தொட்டுப் பார்த்தால் அப்படி ஆசையாக இருந்தது, ஆனால் யாரோ ஒரு குடும்பத்தின் வாசலை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருவதற்கு மனசு ஒப்பவில்லை. தவிரவும் இதையெல்லாம் நாலுக்கு மேல் வாங்கினால் வீடு ரிசார்ட் வரவேற்பறை மாதிரி ஆகிவிடும்.

அப்போதுதான் தாத்தாவின் ஊஞ்சல் பலகை ஞாபகம் வந்தது. ஊரில் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்தார்கள், தேக்கு, ஆறடி நீளம். தாத்தா உட்காருகிற பக்கம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும், ஓரத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலைத் துடைத்துத் துடைத்து ஒரு வெள்ளைக் கறை. பழைய மரம் என்றால் முதலில் ஓட்டைகளைப் பாருங்கள். ஓட்டை இருப்பது பிரச்சினை இல்லை, தட்டினால் புதுசாக மாவு கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதில் கொட்டவில்லை. ஆசாரி இழைத்துப் பாலிஷ் போட்டுப் 'புதுசாக்கித்' தருகிறேன் என்றார், கெஞ்சிக் கூத்தாடி உப்புத்தாளோடு நிறுத்த வைத்தேன்.

கொண்டுவந்த பிறகுதான் உறைத்தது, மாட்டக் கொக்கி இல்லை. தளம் போட சென்டரிங் பலகை அடிக்கும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டி கான்கிரீட்டுக்குள் விட்டிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். இப்போது தளத்தில் துளை போட வேண்டும், ஆட்டம் தாங்குமா என்று இன்ஜினியர் யோசிக்கிறார். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஊஞ்சல் போடுகிறீர்களோ இல்லையோ நாலு கொக்கி விட்டுவிடுங்கள். நாங்கள் பலகையை ஜன்னலடியில் ரெண்டு கருங்கல் மேல் வைத்துவிட்டோம். பதினாறு அங்குல உயரம். சோபா காலியாகக் கிடக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அந்தக் குழியில்தான் போய் உட்காருகிறார்கள்.

செடி, படம் பற்றியெல்லாம் எழுத எனக்குத் தகுதி இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று நானே சட்டம் போட்டுவிட்டு, எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று ஆறு மாசமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் சமையலறைக்கு வெளியே தரையெல்லாம் வெள்ளைத் தூள். அம்மா குழவியால் அடித்து ஒரு ரெண்டு அங்குல ஆணியை இறக்கியிருந்தார், சுற்றிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பட்டி பெயர்ந்திருந்தது. அதில் மளிகைக்கடை கொடுத்த தினசரி காலண்டர், முருகன் படம் போட்டது. "ராகு காலம் பார்க்க உன் போனையா தேடிட்டு இருக்க முடியும்?"

இப்போது அந்த ஒரே ஆணியில் காலண்டர், கரண்ட் அட்டை, வண்டிச் சாவி, ரேஷன் பை நாலும் தொங்குகின்றன. அம்மா ரெண்டாவது ஆணிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.